மஞ்சள் மூடி

வாரநாட்களில் ரூபினிக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தரப் பரிசோதனைப் பிரிவில் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவள் டீச்சர். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய மண்டபம் உண்டு. அங்கே குடியிருப்பவர்கள் அதை டேவான் என்பார்கள். கல்யாண விருந்து, குடியிருப்போர் கூட்டம், பூப்பந்து என்று எதுவும் இல்லாத காலை வேளைகளில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்து அவள் புதிர்க் கணக்குகள் சொல்லிக்கொடுத்தாள்.

தாளில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பது முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் எல்லாவற்றையும் பொருளாக்கினாள். போத்தல் மூடிகள் ஆட்கள், காலித் தீப்பெட்டிகள் அறைகள். கயிறு போட்டால் அது ஆறு, நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் அது ஆயர் ஈத்தாம் பேருந்து. யார் ஜன்னலோரம் உட்கார்ந்தார், யார் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார் என்று பிள்ளைகள் எழுந்தும் உட்கார்ந்தும் இடம் மாறியும் கண்டுபிடிப்பார்கள். தவறான இடத்தில் உட்கார்ந்தவனை மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவார்கள். இருக்க முடியாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டால் மிச்சமிருப்பதுதான் விடை. அதை அவள் வாயால் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. பிள்ளைகளின் கைகள் தாமாகவே அதைக் கற்றுக்கொண்டன.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு புதிருக்கும் முன்னால் சொல்லுவாள். "டீச்சர் சொல்ற குறிப்பு எல்லாம் உண்மை. அத மட்டும் சந்தேகப்படக் கூடாது. மத்தது எல்லாத்தையும் சந்தேகப்படலாம், சரியா?"

"சரி டீச்சர்!" என்று கூடம் அதிரும்.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் கெட்டிக்காரிகள். ஒருத்தி அதிரா. சந்தையோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீனின் மகள். குறிப்பைக் கேட்டு முடிப்பதற்குள் மூடிகளை அடுக்கிவிடுவாள், அப்படி ஒரு வேகம். இன்னொருத்தி துளசி. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து அந்த வருடம்தான் அம்மா லெட்சுமியோடு இங்கே குடிவந்தவள். அப்பா லாரி ஓட்டி ஜொகூர் வரை போவார், வீட்டுக்கு வருவது எப்போதோ. துளசி மெதுவாகத்தான் செய்வாள். மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்ப்பாள்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரு சின்னப் படகில் ஒவ்வொன்றாக அக்கரை சேர்க்கவேண்டும் என்ற பழைய புதிரை ரூபினி கொடுத்த அன்று எல்லாரும் திணறினார்கள். எதை முதலில் கொண்டுபோனாலும் ஏதாவது ஒன்று இன்னொன்றைத் தின்றுவிட்டது. அதிராவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துளசி பிளாஸ்டிக் ஆட்டை அக்கரையிலிருந்து எடுத்துத் திரும்பப் படகில் வைத்தாள்.

"ஏய், அத ஏன் திருப்பிக் கொண்டாற?" என்றான் குகன்.

"கொண்டாரக் கூடாதுன்னு டீச்சர் சொல்லலையே," என்றாள் துளசி.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரூபினி அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே காடி ஓட்டினாள். சொல்லப்படாததைக் கேட்கத் தெரிந்த பிள்ளை. தன் தொழிற்சாலையில் அப்படி ஒருவரைத் தேடினாலும் கிடைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

சந்திரசேகரன் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். எந்தப் பொருளுக்கு இடப்பக்கம் எது என்று வரிசைப்படுத்தும் விளையாட்டு. குகன் விசில் கொண்டுவந்தான். அதிரா கடையிலிருந்து ஒரு பெரிய கரண்டி. துளசி ஒரு ரப்பர் வாத்து. காமினி என்ற பெண் பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்த புது வாட்சைக் கழற்றி வைத்தாள். நீலப் பட்டையில் சின்னச் சின்ன மீன்கள். எல்லாரும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள்.

சந்திரசேகரன் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மாநிலம் முழுக்கப் பயிற்சி வகுப்புகள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பாளர். இந்த வகுப்பைப் பற்றி யார் சொல்லியோ கேள்விப்பட்டு, பிடித்திருந்தால் மற்ற ஊர்களிலும் நடத்தலாம் என்று பார்க்க வந்திருந்தார். அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் வந்து நின்றதும் ரூபினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசையில் கிடந்த பொருட்களை அவசர அவசரமாக ஒரு தட்டில் கொட்டி அலமாரிக்குள் வைத்தாள். ஓரத்தில் பின்னல் தொங்கும் மேசை விரிப்பை மடித்துத் தன் பைக்குள் திணித்தாள். பிள்ளைகளைக் கரிபாப் தின்ன வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று அவரோடு பேசினாள்.

இடைவேளை முடிந்து அலமாரியைத் திறந்தபோது தட்டில் வாட்சைக் காணோம்.

காமினி முதலில் தேடினாள். பிறகு எல்லாரும் தேடினார்கள். மேசைக்கு அடியில், நாற்காலிகளுக்கு அடியில், தட்டைக் கவிழ்த்தும் பார்த்தார்கள். காமினி அழத் தொடங்கினாள். அப்போதுதான் அதிரா கேட்டாள்.

"டீச்சர், மூடி வச்சு பாக்கலாமா?"

ரூபினி ஒரு கணம் தயங்கினாள். பக்கத்தில் சந்திரசேகரன் கைப்பேசியை எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார். "அட, இது சூப்பர் லா. நிஜப் பிரச்சினைக்கே லாஜிக்க யூஸ் பண்றாங்க! செய்யட்டும் ரூபினி, செய்யட்டும்," என்றார்.

"சரி, பாக்கலாம்," என்றாள் ரூபினி. பெருமையாக இருந்தது. "மொத குறிப்பு நான் சொல்றேன். வாட்ச நான்தான் அலமாரியில வச்சேன். அப்புறம் நானும் சாரும் வாசல்லயே நின்னோம். எங்களத் தாண்டித்தான் யாரும் உள்ள வரமுடியும்."

அதிரா தீப்பெட்டிகளை வைத்தாள். இது டேவான், இது வராந்தா, இது கழிப்பறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூடி. துளசிக்கு மஞ்சள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிச் சொல்லி மூடிகளை நகர்த்தினார்கள். குகன் வராந்தாவில் கரிபாப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், எல்லாரும் பார்த்தார்கள், அவன் மூடியை எடுத்தாயிற்று. காமினியும் அதிராவும் ஒன்றாகக் கழிப்பறைக்குப் போனார்கள், அந்த இரண்டு மூடிகளும் போயின. மற்றவர்கள் வராந்தா சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் மூடிகளும் போயின.

"நான் உள்ள வந்தேன்," என்று துளசி தானாகவே சொன்னாள். "தண்ணி போத்தல் எடுக்க." சொல்லிவிட்டு, தன் மஞ்சள் மூடியைத் தானே எடுத்து டேவான் தீப்பெட்டிக்குள் வைத்தாள்.

அதிராவின் விரல் நின்றது. மேசையில் வேறு மூடி இல்லை. சந்திரசேகரனின் கைப்பேசி இன்னும் உயரத்திலேயே இருந்தது.

துளசி அந்த மஞ்சள் மூடியை வெகுநேரம் பார்த்தாள். ஏதோ ஒன்றைத் தவறவிட்டதுபோல் தீப்பெட்டிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "விடை நான்னுதான் வருது டீச்சர்," என்றாள். "ஆனா நான் எடுக்கல."

அவளே தன் பையைக் கவிழ்த்தாள். புத்தகம், போத்தல், ஒரு சீப்பு. சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினாள். ஒன்றுமில்லை.

"வெளியில எங்கயாவது வச்சிருப்பா," என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

இது விளையாட்டில்லை என்பது அப்போதுதான் ரூபினிக்கு உறைத்தது. மூடிகளையும் தீப்பெட்டிகளையும் ஒதுக்கிவிட்டு, "போதும், போதும். எடுத்தவங்க யாரா இருந்தாலும் அடுத்த வாரம் கொண்டாந்து வச்சிருங்க. டீச்சர் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றாள். பெருந்தன்மையாகப் பேசுவதாகவே நினைத்தாள். யாராவது ஒருவர் எடுத்திருக்கிறார் என்பதை அதனாலேயே உறுதி செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

லெட்சுமி மகளைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தாள். படியிறங்கிய பிள்ளைகளின் வாயிலிருந்து செய்தி அவளுக்கு முன்னதாகவே போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலுக்கு வந்து கேட்டாள்.

"டீச்சர், எம்புள்ள எடுத்தாளா?"

துளசி அம்மாவின் பக்கத்தில் நின்று ரூபினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரசேகரன் பின்னால் நின்றிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கணக்கு அப்படி வரவில்லையே என்று ரூபினிக்குத் தோன்றியது.

"தெரியலக்கா," என்றாள்.

லெட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை காமினியின் அப்பா ஜெயராஜ் கைப்பேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர். "விடுங்க டீச்சர். சின்னப் புள்ளதானே, ஆசப்பட்டிருக்கும். நான் வேற வாங்கிக் குடுத்துடறேன், அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்றார். ரூபினி அவருக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை நினைத்துப் பிறகு பலநாள் வெட்கப்பட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து திரும்பி, அழுக்குத் துணிகளை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மேசை விரிப்பைப் பையிலிருந்து எடுத்து உதறியபோது ஏதோ கனமாக ஆடியது. பின்னல் ஓரத்தின் ஒரு கண்ணியில் கொக்கி மாட்டி, நீலப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மீன்கள்.

வாட்ச் அலமாரிக்குள் போகவே இல்லை. தட்டில் கொட்டியதை மட்டும்தான் அவள் பார்த்தாள். எல்லாமே விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முதல் குறிப்பே பொய். பிள்ளைகள் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவள் சொல்லிவைத்திருந்த அந்த ஒரே ஆளின் குறிப்பு.

ஈரக் கையோடு காடியை எடுத்தாள். மின்தூக்கி பழுதாகியிருந்ததால் படியேறினாள். லெட்சுமி கதவைத் திறந்தாள். கம்பிக் கதவைத் திறக்கவில்லை. ரூபினி மூச்சு வாங்க நடந்ததைச் சொல்லி, வாட்சைக் காட்டினாள். லெட்சுமி அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அன்னிக்கே அடிச்சிட்டேன் டீச்சர்," என்றாள். "எடுக்கலம்மான்னு சொன்னா. மறுபடி அடிச்சேன். அப்புறம் சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, எடுத்தேம்மா, எங்க போட்டேன்னு தெரியலன்னு சொல்லிட்டா."

"அக்கா…"

"எடுக்காதவ எடுத்தேன்னு ஏன் டீச்சர் சொன்னா?" லெட்சுமியின் குரல் உடைந்தது. "நான் பெத்தவ. ஒங்கள நம்புனேனே தவிர அவள நம்பலையே."

உள்ளே அறைக்கதவு பாதி திறந்திருந்தது. துளசியைப் பார்க்கலாமா என்று ரூபினி கேட்டாள். லெட்சுமி திரும்பிக் கூப்பிட்டாள். கதவு மெல்ல மூடிக்கொண்டது.

"இது வேற இருக்கு," என்று லெட்சுமி கைப்பேசியை நீட்டினாள். சந்திரசேகரன் எடுத்த காணொளி. 'நம் பிள்ளைகளின் அறிவைப் பாருங்கள்' என்று எழுதி அவர் எங்கோ போட்டிருந்தார். அது பெற்றோர் குழுக்களில் சுற்றி, லெட்சுமி வேலை செய்யும் தொழிற்சாலையின் உணவகம் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ஒரு பிள்ளை அழுத்தமான குரலில் "விடை நான்னுதான் வருது டீச்சர்," என்று சொல்கிறது. காணொளி அந்த இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்து அவள் சொன்னது அதில் இல்லை.

ரூபினி படிக்கட்டிலேயே நின்று சந்திரசேகரனைக் கூப்பிட்டாள். அவர் பதறிப்போனார். "ஐயோ, நல்ல எண்ணத்துலதானே போட்டேன் ரூபினி. பசங்க எவ்ளோ அழகா செஞ்சாங்க. இப்பவே எடுத்துடறேன் லா." எடுத்துவிட்டார். அதற்குள் அது அவர் கையை விட்டுப் போயிருந்தது.

அன்றே ரூபினி தன் முகத்தைக் காட்டி ஒரு காணொளி எடுத்தாள். வாட்ச் தன் பைக்குள் இருந்தது, தவறு தன்னுடையது, துளசி எதையும் எடுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லி எல்லாக் குழுக்களிலும் போட்டாள். சிலர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். யாரும் அதை இன்னொருவருக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடமும் சொன்னாள். வாட்சைக் காமினியின் கையில் கொடுத்தாள். காமினி அதைக் கட்டிக்கொள்ளாமல் பையில் போட்டாள். அதிரா அழுதாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"நான்தானே டீச்சர் மூடி வச்சேன். நான்தானே ஒவ்வொண்ணா எடுத்தேன்."

"நீ சரியாத்தான்மா செஞ்ச. என் குறிப்புதான் தப்பு."

"அப்ப குறிப்பு தப்பா இருக்கும்னு நீங்க சொல்லியிருக்கணும்ல!" என்றாள் அதிரா. "நீங்க பாத்தீங்களா, இல்ல வச்சிட்டதா நெனச்சீங்களான்னு நான் கேட்டிருப்பேன்."

அன்று வகுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

துளசி திரும்ப வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கண்டதும் "விடை யாரு?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று குகன் வந்து சொன்னான். ரூபினி பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசினாள். அவரும் சபைகூடலில் பிள்ளைகளைக் கண்டித்தார். அதற்குப் பிறகு சத்தமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பள்ளி விடுமுறை வந்ததும் லெட்சுமி மகளைப் பைராம் தோட்டத்திலிருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். விடுமுறை முடிந்தும் கூட்டிவரவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் துளசி மறுபடி சேர்ந்துவிட்டாள்.

சந்திரசேகரன் பிறகும் ஒருமுறை கூப்பிட்டு, மற்ற ஊர்களில் வகுப்பு தொடங்குவதைப் பற்றிக் கேட்டார். ரூபினி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

போகலாமா, வேண்டாமா என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போனாள். லெட்சுமியிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள். "போய்ப் பாருங்க டீச்சர். அவ பேசுனா பேசட்டும்," என்றிருந்தாள் லெட்சுமி. செம்பனை வரிசைகளுக்கு நடுவே மண்சாலை. வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. துளசியின் பெரியம்மா உள்ளே அழைத்து உட்காரவைத்து, தேநீர் போடப் போனாள்.

துளசி விளையாட்டு உடுப்பில் வந்தாள். வளர்ந்திருந்தாள். "வணக்கம் டீச்சர்," என்று சொல்லி எதிரே உட்கார்ந்தாள். பள்ளியின் வலைப்பந்துக் குழுவில் இருப்பதாகச் சொன்னாள். ரூபினி மன்னிப்புக் கேட்டாள். வழியெல்லாம் யோசித்துவைத்த வார்த்தைகளில் பாதிதான் வாயில் வந்தது.

"பரவால்ல டீச்சர்," என்றாள் துளசி.

"நீ எடுக்கலன்னு ஒனக்குத் தெரியும்தானேம்மா. அம்மாகிட்ட ஏன் எடுத்தேன்னு சொன்ன? அடிக்குப் பயந்தா?"

துளசி யோசித்தாள். தலையை ஆட்டினாள். "அடிக்கு இல்ல டீச்சர். அதிரா எங்கயும் தப்பு பண்ணல. நானும் வீட்டுல போத்தல் மூடி வச்சுப் பாத்தேன். எத்தன தடவ வச்சாலும் நான்னுதான் வந்துச்சு. அப்ப நான் எடுத்துட்டு மறந்துட்டேனோன்னு நெனச்சேன்."

ரூபினிக்குக் கண் நிறைந்தது. அந்தப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. அம்மா கேட்டபோது நீங்கள் ஏன் தெரியல என்று சொன்னீர்கள்? அதைக் கேட்பாள் என்று ரூபினி பயந்துகொண்டுதான் வந்திருந்தாள். இப்போது, அவள் கேட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தாள். துளசி கேட்கவில்லை. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது.

"பிராக்டிஸ் இருக்கு டீச்சர். போகட்டுமா?"

"போம்மா."

துளசி செருப்பை மாட்டிக்கொண்டு பெரியம்மா மகனின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். மரியாதைக்குச் செய்த மாதிரி இருந்தது.

பெரியம்மா தேநீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். விருந்தாளியின் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்க டீச்சர். இங்க நல்லாத்தான் இருக்கா. முன்ன மாதிரி இல்ல. சின்னதுல எது சொன்னாலும், ஏன், அப்படி யாரு சொன்னான்னு வாயாடிக்கிட்டே இருப்பா. இப்ப ஒண்ணும் திருப்பிக் கேக்கறதில்ல. சொன்னத அப்படியே செஞ்சிடுறா. ரொம்ப நல்ல புள்ளயாயிட்டா."

ரூபினி தேநீர்க் கோப்பையை எடுத்தாள். குடிக்க முடியவில்லை. ஆமாம் என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு, அதை அப்படியே கீழே வைத்தாள்.